எக்ஸ்ரே படமும் சோற்றுத் தட்டும்

ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டது 1895-இல். நான்கு ஆண்டு கழித்து, 1899 ஏப்ரலில், மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி ஜெர்மனியில் ஒரு கண்காட்சியில் தன் மனத்துக்குப் பிடித்த மேய்ப்பு நாயைப் பார்த்து அதை விலைக்கு வாங்கினார். அதற்கு ஹொராண்ட் என்று பெயரிட்டு, அந்த மாதமே ஜெர்மன் ஷெப்பர்டு சங்கத்தைத் தொடங்கி, பதிவேட்டின் முதல் எண்ணையும் அதற்கே கொடுத்தார். முதல் உலகப் போரை ஒட்டி 'ஜெர்மன்' என்ற சொல்லையே வெறுத்த பிரிட்டன் இந்த இனத்தை அல்சேஷன் ஆக்கியது. 1977-இல் அங்கே பழைய பெயர் திரும்பிவிட்டது. நம் ஊரில் இன்னும் பலருக்கு அது அல்சேஷன்தான். எக்ஸ்ரேயும் இந்த நாயினமும் ஏறத்தாழ ஒரே வயது. ஆனால் நாயின் இடுப்பு நோய் பதிவாக அதன்பின் முப்பத்தாறு ஆண்டு ஆயிற்று. அதுவரை நாயின் நடையையும் உயரத்தையும் குணத்தையும் பார்த்துத்தான் இணை சேர்த்தார்கள். தோலுக்கும் சதைக்கும் அடியில் தொடை எலும்பு இடுப்பில் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியவில்லை. ஓட்டத்தில் இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் போலத் துள்ளிய நாயும், படுத்த இடத்திலிருந்து எழும்போது முன்னங்காலில் பாரத்தைப் போட்டு உடம்பை இழுத்த நாயும் வயதாகிவிட்டதாகவோ அடிபட்டதாகவோ கணக்கில் எழுதப்பட்டன.

1935-இல் பாஸ்டன் நகரின் ஏஞ்சல் மெமோரியல் விலங்கு மருத்துவமனையைச் சேர்ந்த ஜெரி ஷ்னெல் இந்த நோயை முதன்முதலில் எழுத்தில் வைத்தார். அது வெளிவந்தது நாய் வளர்ப்போர் படிக்கும் ஓர் இதழில். இன்று ஹிப் டிஸ்பிளேசியா என்று சொல்லப்படும் நோய் அது. படத்தில் பார்த்தால் சாதாரணக் கண்ணுக்கே புரியும். நல்ல இடுப்பில் தொடை எலும்பின் தலை உருண்டையாக, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் ஆழமாக அமர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் தெரியும் கறுப்புக் கோடு ஒரே சீராக ஓடும். கெட்ட இடுப்பில் கிண்ணம் ஆழமிழந்து தட்டையாகிவிடும். உருண்டை பாதி வெளியே தள்ளி நிற்கும். நாளாக ஆக அதன் கழுத்தைச் சுற்றிப் புது எலும்பு முள் முள்ளாகப் படியும். இதை அளப்பதற்கு ஸ்வீடனில் ஒரு கோணம் வகுத்தார்கள். நோர்பெர்க் கோணம் என்று பெயர். 105 டிகிரிக்குக் குறைந்தால் சந்தேகம். அமெரிக்காவில் ஜான் ஓலின் என்ற தொழிலதிபர் தன் பண்ணையின் லாப்ரடார்களிலேயே இந்த நோயைக் கண்டு அதிர்ந்தார். 1966-இல் விலங்கு எலும்பியலுக்கான அறக்கட்டளை ஒன்று உருவாக அவரே காரணமானார். நாயின் படத்தை அனுப்பினால் அதைப் படித்துத் தரம் எழுதித் தரும் வழக்கம் அங்கே தொடங்கியது.

இப்படித்தான் இடுப்பு நோய் குலத்தின் குற்றமாக ஆனது. படம் நன்றாக இருந்தால் நல்ல ரத்தம், இல்லையென்றால் கெட்ட ரத்தம் என்று பேச்சு நிலைத்தது. இதில் பொய் இல்லை. நோய் பரம்பரையில் வருவது உறுதி. பல மரபணுக்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் இந்தப் பேச்சு, நாயை வாங்கிவந்து வளர்ப்பவரைக் கதையிலிருந்தே வெளியே தள்ளிவிட்டது. குட்டி வீட்டுக்கு வந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை, விதி எழுதியாகிவிட்டது என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. கடந்த ஐம்பது ஆண்டில் சேர்ந்த சான்றுகளைக் கோத்துப் பார்த்தால், வளர்ப்பவரின் கையில் இருப்பது நாம் நம்பியதைவிட மிக அதிகம் என்பதே என் முடிவு.

அறுபது ஆண்டு படம் எடுத்தும் நோய் ஒழியவில்லையே, அப்படியானால் ரத்தத் தேர்வே வீண்தானா என்று கேட்கலாம். வீண் இல்லை. பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் 'தி சீயிங் ஐ' நிறுவனம், இணை சேர்க்கும் முடிவு முழுவதையும் தன் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர், உடன்பிறப்புகள், குட்டிகள் எல்லாவற்றின் படத்தையும் சேர்த்து எடைபோட்டது. 1997-இல் வெளியான கணக்குப்படி ஐந்து தலைமுறைக்குள் அங்கே ஷெப்பர்டுகளில் நோய் 55 சதவீதத்திலிருந்து 24-க்கும், லாப்ரடார்களில் 30-லிருந்து 10-க்கும் இறங்கியது. வெளியுலகில் இது நடக்காததற்குக் காரணங்கள் இருக்கின்றன. மோசமான படத்தைப் பலர் அனுப்புவதே இல்லை. படமும் எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. நாயை மல்லாக்கக் கிடத்தி, பின்னங்கால்களை நேராக இழுத்து, முழங்காலை உள்பக்கம் திருப்பி எடுக்கும் பழைய முறையில் மூட்டைச் சுற்றிய உறை முறுக்கிக்கொண்டு உருண்டையை உள்ளே இறுக்கிவிடுகிறது, தளர்வு மறைந்துவிடுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கெய்ல் ஸ்மித் 1990-இல் இதைக் காட்டி, மூட்டை மெல்ல விலக்கிப் பிடித்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஷெப்பர்டின் முதுகைச் சரிவாக வளர்த்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்பாரும் உண்டு. கண்காட்சி மோகம் அந்த நாய்க்குச் செய்த கெடுதல்கள் வேறு. அவற்றுக்காக வருந்த வேண்டும். ஆனால் முதுகு சரியாத புல்டாக்கிலும் பக்கிலும் பரிசோதனைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் இடுப்பு கெட்டிருக்கிறது. சரிவை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

எல்லோரும் எளிதில் கடந்துபோகும் உண்மை ஒன்று உண்டு. நோய் வரப்போகும் குட்டிக்கும் பிறந்த அன்று இடுப்பு சரியாகத்தான் இருக்கிறது. எலும்பு இன்னும் இளகலாக இருக்கும் முதல் சில மாதங்களில், உடம்பின் எடை ஏறும் வேகத்துக்குத் தசையும் தசைநாரும் ஈடுகொடுக்காமல் போகும்போதுதான் உருண்டை கிண்ணத்தை விட்டு விலகத் தொடங்குகிறது. அப்படியானால் எடை ஏறும் வேகம் யார் கையில்? 1974-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓக்கே ஹெட்ஹம்மரும் உடனிருந்தோரும் கிரேட் டேன் குட்டிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வேண்டிய மட்டும் தின்னவிட்டு, மற்றதற்கு அதில் மூன்றில் இரண்டு பங்கே கொடுத்தார்கள். எலும்புக் கோளாறு மலிந்தது வேண்டிய மட்டும் தின்ற பிரிவில். 1985-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹாஸவிங்கெல் குழு அதே இனக் குட்டிகளுக்குக் கால்சியத்தை மிகையாகக் கொடுத்துப் பார்த்தது. எலும்பு வளர்ச்சி கோணிப்போயிற்று. பெரிய நாய்க்குட்டி என்றால் கால்சியம் டானிக் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கும் நம் வீடுகள் கேட்டிருக்க வேண்டிய செய்தி இது.

இவற்றையெல்லாம் மிஞ்சியது, 1987-இல் ப்யூரினா நிறுவனம் தொடங்கிய ஆய்வு. 48 லாப்ரடார் குட்டிகள். ஒரே ஈற்றில் பிறந்தவை இரண்டிரண்டாகச் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றது தின்பதில் கால்பங்கு குறைத்து, அதன் வாழ்நாள் முழுவதும் அப்படியே போட்டார்கள். ஐந்து வயதில் படம் எடுத்தபோது நிறையத் தின்ற 23 நாய்களில் 12-க்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம். குறைத்துத் தின்ற 23-இல் மூன்றுக்கு மட்டும். ரத்தம் ஒன்று, தாய் ஒன்று, கூடம் ஒன்று. வேறுபட்டது தட்டு மட்டுமே. ஒரே இனத்தை, அதுவும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததை வைத்து எல்லா நாய்க்கும் சொல்லலாமா என்பது நியாயமான ஐயம். கிரேட் டேன் ஆய்வுகள் தனியாக வந்து அதே பக்கம் நிற்பதால்தான் நம்புகிறேன். நடத்தியது தீவனம் விற்கும் நிறுவனம் என்ற தயக்கமும் வரலாம். குறைவாகப் போடு என்ற முடிவால் அதன் விற்பனை ஏறப்போவதில்லை.

வாயில்லா ஜீவனின் வயிற்றைக் காயப்போடுவது பாவம் என்ற வாதம்தான் நம்மிடையே வலுவானது. அதன் பின்னால் இருப்பது அன்பு. அதனால் அதற்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் குறைத்துத் தின்ற நாய்கள் எலும்பும் தோலுமாக வாடவில்லை. மற்றவைதான் சற்றுப் பருத்திருந்தன. நாயின் விலாவில் விரல்களை வைத்து அழுத்தாமல் வருடினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். கொழுகொழுவென்ற குட்டியைப் பார்த்துப் பூரிக்கும் நம் கண்ணுக்கு இந்த உடல் ஒல்லியாகத் தோன்றும். அந்தக் கண்ணைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தட்டுக்கு அடுத்தது தரை. நார்வேயில் நியூஃபவுண்ட்லாண்ட், லாப்ரடார், லியோன்பெர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் ஆகிய நான்கு பெரிய இனங்களில் சுமார் 500 நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று மாதத்துக்குள் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு நோய் கூடுதலாகவும், மேடுபள்ளமான மெத்தென்ற மண்ணில் கட்டில்லாமல் ஓடியவற்றுக்குக் குறைவாகவும் வந்ததைக் கண்டது. ஓடுவதே தப்பு என்று குட்டியைக் கட்டிப்போடுவதற்கு இதில் ஆதாரம் இல்லை. பளிங்கும் டைல்ஸும் பதித்த நம் கூடங்களில் பின்னங்கால் பக்கவாட்டில் வழுக்கும் நாய்க்குச் சணல் சாக்கோ ரப்பர் விரிப்போ போடுவது, நோய் வந்தபின் கொடுக்கும் மருந்துக்குத் துணையான எளிய உதவி. அறுவை சிகிச்சையும் உண்டு. 1970-களிலிருந்தே நாய்க்குச் செயற்கை இடுப்பு பொருத்துகிறார்கள். 1990-களில் கார்ப்ரோஃபென் போல நாய்க்கென்றே வலிமருந்துகள் வந்தன. வீட்டில் இருக்கும் மனிதருக்கான வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் குடல் புண்ணாகலாம், சிறுநீரகமும் கெடலாம். ஆனால் மருந்தின் தேவையையே தட்டு தள்ளிப்போடுகிறது: ப்யூரினா ஆய்வில் தேய்மானத்துக்கு மருந்து தொடங்க வேண்டிவந்த வயது, நிறையத் தின்றவற்றுக்குச் சராசரியாக 10.3, கால்பங்கு குறைத்துத் தின்றவற்றுக்கு 13.3.