பதங்கமாதல் முறையில் குவளை அச்சிடல்

பதங்கமாதல் முறையில் குவளை அச்சிடல் என்பது, தாளில் அச்சிடப்பட்ட படத்தை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பீங்கான் குவளையின் மேற்பூச்சுக்குள் செலுத்தும் அச்சு முறை ஆகும். பேச்சு வழக்கில் இது சப்ளிமேஷன் பிரிண்டிங் அல்லது மக் பிரிண்டிங் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் ஒளிப்பட நிலையங்கள், சிறு அச்சகங்கள், வீட்டிலிருந்து தொழில் செய்வோர் ஆகியோர் பிறந்தநாள், திருமணம், வளைகாப்பு போன்ற நிகழ்வுகளுக்கான அன்பளிப்புகளை இம்முறையில் தயாரிக்கின்றனர். சிறிய அறையிலேயே தொடங்கக்கூடிய தொழில் இது. எனினும், மேற்பூச்சுக்குள் சென்ற சாயத்தை அழித்துத் திருத்த இயலாது. பிழையாக அச்சான குவளை கழிவாகவே போகும். ஆகவே வெப்பநிலை, நேரம், அழுத்தம், ஈரப்பதம் ஆகிய நான்கும் படத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அறிந்துகொள்வது புதிதாகத் தொடங்குவோருக்கு இன்றியமையாதது.

அடிப்படைத் தத்துவம்

ஒரு திண்மம் நீர்ம நிலையை அடையாமல் நேரடியாக வளிமமாக மாறுவது பதங்கமாதல் எனப்படும். திறந்து வைத்த கற்பூரம் நாளடைவில் சிறுத்து மறைவது இதற்கு எளிய எடுத்துக்காட்டு ஆகும்.

இவ்வகை அச்சு மையில் உள்ளவை சிதறல் சாயங்கள் ஆகும். இவை நீரில் கரையாமல் நுண்துகள்களாகச் சிதறி நிற்பவை. ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இச்சாயங்கள் வளிமமாகின்றன. அதே வெப்பத்தில் குவளையின் மீதுள்ள பாலியெஸ்டர் வகைப் பூச்சின் பலபடிச் சங்கிலிகள் தளர்ந்து, சாய மூலக்கூறுகளுக்கு இடம் தருகின்றன. குளிரும்போது சங்கிலிகள் மீண்டும் இறுகிச் சாயத்தைச் சிறைப்படுத்திக்கொள்கின்றன. இதனாலேயே படம் கையால் தடவும்போது தட்டுப்படுவதில்லை, உரிந்து வருவதுமில்லை.

கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பீங்கான் குவளையில் இத்தகைய பூச்சு இல்லாததால் அதில் சாயம் நிலைக்காது. இம்முறைக்கெனப் பூச்சிடப்பட்ட குவளையையே பயன்படுத்த வேண்டும். மேலும் இம்மையில் வெண்ணிறம் கிடையாது. படத்தின் வெள்ளைப் பகுதிகள் குவளையின் வெண்மையே ஆகும்.

வரலாறு

சிதறல் சாயங்கள் 1920களின் தொடக்கத்தில், செல்லுலோசு அசிட்டேட்டு இழைகளுக்குச் சாயமேற்றுவதற்காக உருவாக்கப்பட்டன. 1941 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டு, ஜேம்ஸ் டென்னண்ட் டிக்சன் ஆகியோர் பாலியெஸ்டர் இழைக்குக் காப்புரிமை கோரினர். 1957 ஆம் ஆண்டளவில் பிரான்சைச் சேர்ந்த நோயல் டி பிளாஸ், தாளிலுள்ள சிதறல் சாயத்தை வெப்பத்தால் துணிக்கு மாற்றும் முறையை உருவாக்கினார். பின்னர் கணினி அச்சுப்பொறிகள் பரவியபோது ஒரே ஒரு படியைக்கூட அச்சிடுவது எளிதாயிற்று. மையைச் சூடாக்கித் தெளிக்காமல், அழுத்தமின் விளைவால் தெளிக்கும் எப்சன் போன்ற அச்சுப்பொறிகள் இம்மைக்கு ஏற்றவையாக உள்ளன.

செய்முறை

பரவலாகப் பயன்படும் குவளை ஏறத்தாழ 325 மில்லிலிட்டர் கொள்ளளவு உடையது. அதன் விட்டம் சுமார் 82 மில்லிமீட்டர் ஆதலால் சுற்றளவு ஏறத்தாழ 258 மில்லிமீட்டர் ஆகும். கைப்பிடிக்கு அருகில் வெப்பத்தகடு படியாததால், ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் அகலமே படத்திற்குப் பாதுகாப்பான அளவாகும்.

1. படம் இடவலமாகத் திருப்பி அச்சிடப்படுகிறது. தாளில் நிறங்கள் வெளிறித் தோன்றுவது இயல்பே; உண்மை நிறம் வெப்பத்திற்குப் பின்னரே வெளிப்படும். தாளைப் பார்த்து நிறத்தைக் கூட்டுவது தவறாகும். மைக்கும் தாளுக்கும் உரிய நிறவிவரக் கோப்பைக் கணினியில் பயன்படுத்த வேண்டும்.
2. மை நன்கு உலர விடப்படுகிறது.
3. குவளை தூசியும் விரல் எண்ணெயும் இன்றித் துடைக்கப்படுகிறது.
4. தாள் இறுக்கமாகச் சுற்றப்பட்டு, வெப்பம் தாங்கும் நாடாவால் ஒட்டப்படுகிறது. தாளுக்கும் குவளைக்கும் இடையே காற்றிடைவெளி இருத்தலாகாது.
5. முன்னரே சூடேற்றப்பட்ட பொறியில் குவளை வைத்து அழுத்தப்படுகிறது. 180 பாகையில் 3 நிமிடம் என்பது தொடக்கச் சோதனைக்கு ஏற்ற அளவாகும். குவளை அல்லது பொறி தயாரிப்பாளர் வேறு அளவு கூறியிருப்பின் அதுவே முதன்மையானது.
6. வெளியே எடுத்தவுடன், கையுறை அணிந்து, தாள் ஒரே இழுப்பில் அகற்றப்படுகிறது. தாமதித்தால் எஞ்சிய சாயம் தொடர்ந்து ஆவியாகிப் படத்தை மங்கலாக்கும்.

தமிழ் எழுத்துகளை அச்சிடுதல்

நேரம் மிகும்போது சாயம் பக்கவாட்டிலும் பரவுவதால், மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் ண, ன போன்றவற்றின் சுழிகளும் அடைபடுகின்றன. புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். எனவே சிறிய எழுத்துகளுக்குத் தடித்த எழுத்துருவைத் தவிர்ப்பது நன்று.

பழைய குறியாக்க எழுத்துருக்களில் அமைத்த கோப்பை மற்றொரு கணினியில் திறந்தால் எழுத்துகள் சிதையலாம். ஒருங்குறியைப் பயன்படுத்துவதும், அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளை வெளிக்கோட்டு வடிவமாக மாற்றுவதும் இதற்குத் தீர்வாகும். திருப்பிய படத்தில் பிழை கண்ணில் படுவது அரிது; ஆகையால் பெயர், நாள் ஆகியவற்றைத் திருப்புவதற்கு முன்னரே சரிபார்க்க வேண்டும்.

ஈரப்பதமும் மின்தடையும்

திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஆவடி, சென்னை மாவட்டத்தில் அமைந்துள்ள அம்பத்தூர் முதலிய இடங்களின் காற்றில் கடற்கரைப் பகுதிக்குரிய ஈரப்பதம் உள்ளது. அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது மிகும். அச்சுத்தாள் இந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அழுத்தும்போது அது நீராவியாக வெளியேறிச் சாயத்தைத் திட்டுத்திட்டாகச் சிதறடிக்கிறது. கோடையில் சரியாக அமைந்த அதே அளவுகள் மழைக்காலத்தில் தவறுவதற்கு இது ஒரு காரணமாகும். தாளைச் சிலிக்கா கூழ்மப் பையுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பதும், தேவையான தாள்களை மட்டும் வெளியே எடுப்பதும் பயன் தரும்.

அழுத்தும்போது மின்சாரம் நின்றால் குவளை குளிரத் தொடங்குகிறது. எஞ்சிய நேரத்தைப் பின்னர் சேர்த்துக்கொள்வது நம்பகமான முறையன்று.

பொதுவான குறைகளும் காரணங்களும்

- படம் முழுவதும் வெளிறியிருத்தல்: வெப்பமோ நேரமோ போதாமை, அல்லது தரம் குறைந்த பூச்சு.
- விளிம்புகள் மட்டும் மங்குதல்: சீரற்ற அழுத்தம், வெப்பத்தகடு விளிம்பு வரை படியாமை.
- இரட்டை நிழல்: அழுத்தும்போதோ அகற்றும்போதோ தாள் நகர்தல்.
- திட்டுகள்: தாளில் ஈரம்.
- நிறப் புள்ளிகள்: தூசி அல்லது துணி இழை.
- மெல்லிய கோடுகள்: அச்சுப்பொறியின் மைத்துளை அடைபடுதல்.
- வெண்மை மஞ்சளித்தல்: மிகையான வெப்பம் அல்லது நேரம்.

கருப்பு நிறம் பழுப்பாகத் தோன்றுவது தொடங்குவோரைக் குழப்பும் குறையாகும். ஏனெனில் வெப்பம் குறைந்தாலும் மிகுந்தாலும் இது நேரலாம். கோடுகள் கூர்மையாக இருந்து, அகற்றிய தாளில் சாயம் மிகுதியாக எஞ்சியிருந்தால் வெப்பமோ நேரமோ போதவில்லை எனலாம். கோடுகள் பரவி மங்கியிருந்தால் அவை மிகுந்துவிட்டன எனக் கொள்ளலாம். இதை நோக்காமல் ஒவ்வொரு குறைக்கும் வெப்பத்தைக் கூட்டுவதே பல குவளைகள் வீணாவதற்குக் காரணமாகிறது.

சோதித்துப் பார்த்தல்

பொறியின் திரையில் தெரிவது வெப்பத்தகட்டின் வெப்பநிலையே அன்றிக் குவளையின் மேற்பரப்பு வெப்பநிலை அன்று. ஒரே மாதிரியான இரு பொறிகளுக்கிடையேயும் வேறுபாடு இருக்கலாம். எனவே பிறர் கூறும் அளவை அப்படியே பின்பற்றாமல், ஒரே படத்தை 150, 180, 210 விநாடிகளில் மூன்று குவளைகளில் அச்சிட்டு ஒப்பிடுவது சிறந்தது. ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என அறிய இயலாது. ஒவ்வொரு குவளையின் அடியிலும் எண் குறித்து, அளவுகளை ஏட்டில் பதிந்து வைத்தல் நலம். சோதனைக்குச் செலவாகும் மூன்று குவளைகள், ஐம்பது குவளை கொண்ட ஒரு வேலை முழுவதும் வீணாவதைத் தடுக்கக்கூடும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

பொறியின் உட்பகுதியும் வெளியே எடுத்த குவளையும் கடுமையான தீக்காயம் ஏற்படுத்தக்கூடியவை. காற்றோட்டமான அறையும் நிலத்தொடுப்பு உள்ள மின்இணைப்பும் தேவை. சூடான குவளையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் பீங்கான் விரிசல் காணலாம். அச்சிட்ட குவளையைக் கம்பி நாரால் தேய்த்தால் மேற்பூச்சு கீறப்படும்; நெடுநாள் நேரடி வெயிலில் வைத்தால் நிறம் மங்கும்.

இவற்றையும் பார்க்க

- பதங்கமாதல்
- பாலியெஸ்டர்
- அழுத்தமின் விளைவு
- திரை அச்சு