பிறந்த வீட்டுக் கட்டமா, புகுந்த வீட்டுக் கட்டமா?

கில்ட் அணிந்த ஸ்காட்லாந்துக்காரரை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். நேரில் இல்லாவிட்டாலும் சினிமாவில், காலண்டரில்! முழங்கால் வரை கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை, முன்னால் தொங்கும் தோல் பை, கம்பளி ஸாக்ஸ், கக்கத்தில் பேக்பைப்... ஆள் ஜம்மென்று நிற்பார். சரி, அவர் பக்கத்தில் நின்ற மனைவி என்ன உடுத்தியிருந்தார்? யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வராது!

ஆனால், ஒரு காலத்தில் அந்த அம்மணியின் உடையும் கணவரின் உடைக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் (அச்சுப்பிழை இல்லை, பெயரே அப்படித்தான்!) 1703-ல் வெளியிட்ட புத்தகத்தில் அதை விவரிக்கிறார். பெயர், அரிசெய்ட். வெள்ளைத் துணியில் கறுப்பு, நீலம், சிவப்பில் சன்னமான கோடுகள். கழுத்திலிருந்து குதிகால் வரை நீளம். மடிப்பு வைத்து இடுப்பில் பெல்ட் கட்டி, மார்பில் ஒரு பெரிய கொக்கியால் இணைத்துக் கொள்வார்கள். சாதாரணப் பெண் என்றால் பித்தளைக் கொக்கி, வசதியானவர் என்றால் வெள்ளி. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, மிருக உருவங்கள் செதுக்கிய கொக்கியை எல்லாம் பார்த்ததாக எழுதுகிறார் மனிதர்!

அப்புறம் வந்தது சண்டை. பிரிட்டிஷ் சிம்மாசனம் தங்களுடையது என்று உரிமை கொண்டாடிய ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ், 1745-ல் ஹைலேண்ட்ஸ் மலைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் மைதானத்தில் கதை முடிந்தது. தப்பி ஓடிய இளவரசரைக் காப்பாற்றியவர் ஃப்ளோரா மெக்டொனால்ட் என்ற இளம்பெண். எப்படி? இளவரசருக்குப் பெண் வேஷம் போட்டு, ‘பெட்டி பர்க்’ என்ற வேலைக்காரி என்று சொல்லி, படகில் ஏற்றி ஸ்கை தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். இளவரசர் பிழைத்தது பாவாடை புண்ணியத்தில்!

லண்டனுக்குக் கோபம் தலைக்கேறியது. ‘இந்த மலைக்காரர்களைப் படையாக ஒன்றுசேர்ப்பது இவர்களின் உடைதான்’ என்று முடிவு கட்டிச் சட்டம் போட்டார்கள். 1747 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கில்ட் கூடாது, டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியில் மேல் கோட்டு கூடாது. மீறினால் ஆறு மாதம் சிறை. இரண்டாவது தடவை மாட்டினால் ஏழு வருடம் கடல் கடந்த நாடுகடத்தல்!

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் தடுத்தது ‘ஆண்களையும் சிறுவர்களையும்’ மட்டுமே. அரசாங்கப் படையில் சேர்ந்த ஹைலேண்ட் சிப்பாய்களுக்கு விலக்கு உண்டு. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பெண் கட்டுகிற துணியால் ஆட்சிக்கு என்ன ஆபத்து வந்துவிடும் என்ற அலட்சியம்தான். ஆபத்து வந்ததே, ஐயா! இளவரசரைக் கோட்டைவிட்டது யாரால்? 1749-ல் ஓவியர் ஆலன் ராம்சே ஃப்ளோராவை வரைந்தபோது, தோளில் டார்ட்டன் சால்வையோடு வரைந்தார். ஊரில் ஆம்பிளை போட்டால் ஜெயில், அதே துணி ஓவியத்தில் ஒரு பெண்ணின் தோளில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

1782-ல் தடை நீங்கியது. அதற்குள் ஒரு தலைமுறைப் பையன்கள் கில்ட் கட்டத் தெரியாமலே வளர்ந்துவிட்டார்கள். அதற்கு மறுபடி மவுசு வந்தது 1822-ல். நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். பதவியில் இருக்கும் மன்னர் ஒருவர் ஸ்காட்லாந்தில் கால் வைத்து ஏறக்குறைய 170 வருடம் ஆகியிருந்தது. விழா ஏற்பாடு முழுக்க நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னரே கில்ட் கட்டிக்கொண்டார், காலில் ரோஸ் நிற இறுக்கமான காலுறையோடு! ‘இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம்’ என்று கறாராகப் பட்டியல் போடுகிற பழக்கமும் பெரும்பாலும் அந்த நாட்களையொட்டி வளர்ந்ததுதான்.

அப்போது பெண்கள்? மன்னரைச் சந்திக்க வந்த சீமாட்டிகள் லண்டன் அரண்மனை ஃபேஷன்படி தரையில் இழுபடும் அங்கியும் தலையில் இறகுமாக வந்தார்கள். தடை இருந்த காலத்தில் டார்ட்டனைத் தோளில் சுமந்தவர்களுக்கு, விழா வந்தபோது வேஷமே வேறு. அரிசெய்ட் அதற்கு முன்பே வழக்கொழிந்து போயிருந்தது.

மிச்சம் இருப்பது ஒரு நீளத் துண்டு. ஸாஷ் என்கிறார்கள். நீளமான கவுன் அணிந்து, அதன்மேல் டார்ட்டன் ஸாஷைக் குறுக்காகப் போட்டு, தோளில் ப்ரூச் குத்திக்கொள்வது. கில்ட் கணவரோடு விருந்துக்கோ நடனத்துக்கோ போகும் பெண்ணின் சம்பிரதாய உடை இன்றைக்கும் அதுதான். அதற்கும் 20-ம் நூற்றாண்டில் முறை வகுத்தார்கள். ஸ்காட்லாந்தில் குலச் சின்னங்களைக் கவனிக்கும் ‘லார்ட் லயன்’ ஒப்புதலோடு வந்தது அது. சாதாரணக் குலப்பெண் என்றால் வலது தோளில். குலத் தலைவரின் மனைவி, ஸ்காட்டிஷ் ரெஜிமென்ட் கர்னலின் மனைவி என்றால் இடது தோளில், கொஞ்சம் அகலமாக. நடனக்காரிகளுக்கு, சுழன்று ஆடும்போது கையில் சிக்காதபடி முதுகுப்பக்கம் இடுப்பில் பொத்தான் போட்டு.

இன்னொரு வகைதான் சுவாரசியம். வேறு குலத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், தன் பிறந்த வீட்டுக் கட்டத்தையே போட விரும்பினால்? வலது தோளில் போட்டு, இடது இடுப்பில் பெரிய முடிச்சாகக் கட்டிக்கொள்ளலாம். ‘நான் நிற்பது இவர் பக்கத்தில், ஆனால் பிறந்தது இன்ன வீட்டில்’ என்று வாயைத் திறக்காமல் சொல்லும் முடிச்சு! கணவர் கில்ட்டில் ஒரு கட்டம், மனைவி தோளில் வேறு கட்டம். பொருந்தவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். பொருந்தாமல் இருப்பதுதான் அதன் அர்த்தமே.

இதெல்லாம் யோசனைதானே தவிர சட்டம் இல்லை. ஸாஷே போடாமல் வெறும் கவுனில் போனாலும் யாரும் ஜெயிலில் போடமாட்டார்கள். உங்களுக்கு எப்போதாவது அப்படி ஓர் அழைப்பு வந்தால் இரண்டே விஷயம். உட்காரும் விருந்தா, குதிக்கும் நடனமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நடனம் என்றால் ஹை ஹீல்ஸ் வேண்டாம், தரையில் புரளும் கவுனும் வேண்டாம். அந்த ரீல் நடனத்தில் ஓட்டம் உண்டு, சுற்றல் உண்டு, பக்கத்து ஆள் காலை மிதிப்பதும் உண்டு.

கில்ட்டைத் தடுக்கச் சட்டம் தேவைப்பட்டது. அரிசெய்ட் ஒரு சட்டமும் இல்லாமலே காணாமல் போனது. கேட்க ஆளில்லாமல் போகும் உடையை யாரும் தடை செய்ய வேண்டியதில்லை, பாருங்கள்!