பயணம் சொல்லுமுன்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், தேன்கனிக்கோட்டை வட்டத்தில் அமைந்த பேரூர் கெலமங்கலம். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் எல்லைப்புற ஊர் அது. முன்பு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1965இல் தருமபுரி மாவட்டத்துக்கும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் உரியதாயிற்று. கடலைக் காணாத மேட்டு நிலமாகிய இப்பகுதியில் உழவே நெடுங்காலம் முதற்றொழிலாய் இருந்தது. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் ஆலைத்தொழில் கற்ற இளைஞர் பெருகினர். அத்தகையோர்க்கு அயல்நாட்டு வேலைக்கான அழைப்பு வருவது இன்று புதுமையன்று.

அழைப்பு வந்த வீட்டில் கடவுச்சீட்டு, விசா, விமானச்சீட்டு என்று பரபரப்பு மிகுகிறது. ஆனால் நிலம், கடன், நகை, பிள்ளைகளின் படிப்பு, முதிய பெற்றோர் ஆகியவற்றை யார் பொறுப்பில், எந்த எழுத்தின் பேரில் விட்டுச் செல்வது என்னும் கேள்வி கடைசி இரவுக்குத் தள்ளப்படுகிறது. உள்நாட்டு ஊர்களுக்குப் புதிதாகிய இக்கேள்வி, நம் கடற்கரைப் பட்டினங்களுக்கு மிகப் பழையது. அவை பெற்ற பட்டறிவை நாம் இங்கே எண்ணிப் பார்ப்பது பயனுடைத்து.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதும், கணவர் மனைவியின் இல்லத்தில் வந்து வாழ்வதும் வழக்கம். இவ்வழக்கம் தோன்றியதற்குக் காரணங்கள் பலவாகலாம். ஆயினும் அதனால் விளைந்த நன்மை ஒன்று தெளிவு. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆண்கள் சபர் சென்றபோது, அவர்தம் மனைவியர் தம் சொந்த வீட்டில், தாயின் அருகில் இருந்தனர். குடும்பத்தலைவன் ஆண்டுக்கணக்கில் ஊரில் இல்லாதபோதும் அடுப்பு அணையாதிருக்க இவ்வேற்பாடு துணைநின்றது.

புறப்படும் சபராளி வீடுவீடாகச் சென்று ‘பயணம் சொல்லி’ வருவது நம்மிடையே உள்ள மரபு. அதனை வெறும் உபசாரமாகக் கருதுதல் பிழை. கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து, மனத்தாங்கல் இருப்பின் பொறுத்தருளக் கேட்டு, இன்னாரிடம் இன்ன பொறுப்பை விட்டுச் செல்கிறேன் என்று உறவினர் அறியச் சொல்லவும் அதுவே வாய்ப்பாயிற்று. இதற்கு முன்மாதிரி ஹிஜ்ரத் வரலாற்றிலேயே உண்டு. கி.பி. 622இல் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு நீங்கியபோது, மக்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பித் தருமாறு அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். உயிருக்கே ஆபத்து சூழ்ந்த வேளையிலும் கணக்குத் தீர்க்கப்பட்டது.

பின்னர் நீராவிக் கப்பல்களின் காலம் வந்தது. 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரை ஏற்றிச் சென்றது. அதன் பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அவ்வழிப் பயணிகள் போக்குவரத்து ஓய்ந்தது. கப்பல் ஓடியவரை கடிதமும் வந்தது, பணமும் வந்தது. கப்பல் நின்றால் என்னவாகும் என்பதை 1942 காட்டியது. பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் சப்பானியர் கைக்குப் போயின. மலாயாவில் இருந்தோர்க்கும் ஊரில் இருந்தோர்க்கும் இடையே மூன்றாண்டுகளுக்கு மேல் தொடர்பு அற்றது. பர்மாவிலிருந்து பல இலட்சம் இந்தியர் வெளியேறினர். காடும் மலையும் கடந்து நடந்தே வந்தோர் அவருள் மிகப் பலர்.

கணவன் உயிரோடு இருக்கின்றானா என்று அறியாத மனைவியின் துயர் சட்டத்துக்கும் புலப்பட்டிருந்தது. நான்காண்டுகள் கணவன் இருக்குமிடம் தெரியாதிருப்பினும், ஈராண்டுகள் அவன் வாழ்க்கைச் செலவு தராதிருப்பினும் மணவிலக்குக் கோரும் உரிமையை 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அவளுக்கு அளித்தது. சட்டம் வழி திறந்தது மெய். ஆனால் வீட்டுப் பத்திரம் எங்கே, யாருக்கு எவ்வளவு கடன் என்பதை எந்தச் சட்டமும் அவளுக்குச் சொல்ல இயலாது. அதனைப் புறப்பட்டவனே எழுதிவைத்திருக்க வேண்டும்.

1964 மற்றொரு பாடம். பர்மிய அரசு மார்ச்சில் கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகளைச் செல்லாதனவாக்கியது. ஆயுளெல்லாம் அங்கே ஈட்டியவர் வெறுங்கையராய்த் திரும்பினர். 1990இல் குவைத் வீழ்ந்தபோது 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் மீட்கப்பெற்றனர். அவர்களுள்ளும் ஈட்டியதை அங்கேயே விட்டு வந்தோர் பலர். ஈட்டுமிடத்திலேயே எல்லாவற்றையும் வைத்திருப்பவனுக்கு ஊரில் ஒரு வேர் வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வேலைக்கு ஆள் சேர்ப்போரைப் பதிவுக்கு உட்படுத்தியது. ஆயினும் அச்சட்டம் காப்பது பயணியை. அவன் வீட்டைக் காக்கும் பொறுப்பு அவனுடையதே. கெலமங்கலத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஏனெனில் இங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் செல்வம் நிலமே. ஊரில் வாழ்ந்தபோது பெற்ற விளைநிலத்தை அயல்நாடு சென்றபின்னும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அயல்நாட்டு வாசியான பின் புதிதாக விளைநிலம் வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடந்தருவதில்லை. ஆகவே அவசரத்தில் விற்ற புன்செய்யைப் பிறகு மீட்பது அரிது. வங்கியின் சாதாரணச் சேமிப்புக் கணக்கையும் அயலகவாசிகளுக்குரிய கணக்காக மாற்றியாக வேண்டும்.

நிலத்தைக் கவனிக்க உறவினருக்கு எழுதித்தரும் பவர் பத்திரத்தில், குத்தகை வாங்கவும் வரி கட்டவும் மட்டும் அதிகாரம் தந்தால் போதுமா, விற்கவும் தரவேண்டுமா என்பதை ஆழ்ந்து எண்ணல் வேண்டும். எழுதித்தந்தவர் இறந்தால் பொதுவாக அப்பத்திரத்தின் அதிகாரமும் அற்றுப்போகும் என்பதைப் பலர் அறியார். மரணத்துக்குப் பின் பேசுவது வசிய்யத்தே; அதுவும் வாரிசுகளின் இசைவின்றிச் சொத்தில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் செல்லாது. மனைவிக்குத் தரவேண்டிய மஹர் நிலுவையிருப்பின் அதுவும் கடனே.

கடனை எழுதிவைக்கப் பணிக்கும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பதை நம் மார்க்க அறிஞர்கள் எடுத்துரைப்பதுண்டு. அந்த எழுத்து யார் கையில் இருக்கவேண்டும் என்பதே இறுதியாக நாம் வற்புறுத்த விரும்புவது. தம்பியிடமோ மாமனிடமோ மட்டும் கணக்கைச் சொல்லிவிட்டு, வீட்டில் இருக்கப்போகும் மனைவிக்கு ஒன்றும் தெரியாமல் வைத்தல் நம்மிடையே இன்றும் உள்ள குறை. கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, பத்திரம் இருக்கும் இடம், அடகில் உள்ள நகை, பள்ளிக் கட்டணம் கட்டும் நாள் ஆகிய அனைத்தும் அவள் படித்தறியும் மொழியில், அவள் கைப்பெட்டியில் இருத்தல் வேண்டும். 1942இல் கடிதத்துக்குக் காத்திருந்த பெண்டிர்க்கு இல்லாத தொலைபேசி இன்று உண்டு. ஆனால் தொலைபேசியும் எடுப்பவர் இருந்தால்தான் பேசும்.