காவல் நாய்களின் நிறமும் பணித்திறனும்

காவல் நாயின் உரோம நிறத்துக்கும் அதன் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு, நாய் வளர்ப்பில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசப்படும் பொருள். துணிவு, மோப்பம், ஏவலுக்குக் கீழ்ப்படிதல் ஆகியவற்றை நிறம் தீர்மானிப்பதில்லை. ஆனால் சில நிறங்களைத் தரும் மரபணுக்கள் காதையோ கண்ணையோ தோலையோ பாதிக்கின்றன. அங்கேதான் நிறம் பணியில் குறுக்கிடுகிறது.

பழைய வழக்கம்

கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய ரோமானியர் கொலுமெல்லா, பண்ணைக் காவலுக்குக் கறுப்பு நாயையும் மந்தைக் காவலுக்கு வெள்ளை நாயையும் பரிந்துரைத்தார். கறுப்பு நாய் பகலில் திருடனை மிரட்டும். இரவில் அவன் கண்ணில் படாமல் நெருங்கும். வெள்ளை நாயை மங்கிய வெளிச்சத்திலும் இடையர் ஓநாயிலிருந்து பிரித்தறியலாம். இத்தாலியின் மாரெம்மா, ஹங்கேரியின் குவாஸ் ஆகிய மந்தைக் காவல் இனங்கள் இன்றும் வெள்ளை நிறத்தவையே.

ஜெர்மன் ஷெப்பர்டு

1899-இல் இந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கிய மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ், அழகைவிடப் பயன்பாட்டையே முதன்மையாகக் கருதினார். இனப் பதிவேட்டின் முதல் நாயான ஹோராண்டின் தாய்வழிப் பாட்டன் கிரைஃப், வெள்ளை நாய். ஆயினும் பிற்காலத்தில் ஜெர்மனி வெள்ளையை ஒதுக்கியது. 1968-இல் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் வெள்ளை நாய்களைக் கண்காட்சிப் போட்டியிலிருந்து விலக்கியது.

இந்த வெள்ளை, எம்.சி.1.ஆர். என்னும் மரபணுவின் ஒடுங்கிய வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் உண்டாகிறது. அது உரோமத்தில் கருநிறமி உருவாவதைத்தான் தடுக்கிறது. நிறமிச் செல்கள் உடலில் இருப்பதால் மூக்கு கறுப்பாகவே இருக்கும், செவிப்புலன் குறைவதில்லை. ஒதுக்கப்பட்ட வெள்ளை நாய்களிலிருந்து சுவிட்சர்லாந்தில் வளர்ந்த வெள்ளை ஷெப்பர்டு, 2011-இல் தனி இனமாகப் பன்னாட்டு நாய் வளர்ப்பு அமைப்பின் முழு அங்கீகாரம் பெற்றது.

வெள்ளையும் செவிடும்

உட்காது இயங்குவதற்கு நிறமிச் செல்கள் தேவை. கருவில் அவை காதைச் சென்றடையாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே செவியுணர் செல்கள் அழிந்துவிடும். டால்மேஷன், அர்ஜென்டினாவின் டோகோ ஆகிய இனங்களில் பிறவிச் செவிடு காணப்படுவது இதனால்தான். பால் வெள்ளை உரோமமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாயிலும் சில குட்டிகள் செவிடாகப் பிறக்கின்றன. வண்ணக் குட்டிகளைக் கழித்துவிட்டு வெள்ளையை மட்டுமே பெருக்கும் பழக்கத்தை வளர்ப்போர் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

ஒரு காது மட்டும் கேளாத குட்டி எளிதில் பிடிபடாது. முதுகுக்குப் பின்னால் கைதட்டினால் திரும்பும். ஆனால் ஓசை வந்த திசையை விட்டு வேறு பக்கம் தேடும். சுவரேறும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறிய முடியாத நாய் காவலில் தடுமாறும். ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்க, ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் எதிர்வினையை அளக்கும் பரிசோதனை உண்டு.

மங்கிய நிறங்கள்

டாபர்மேனில் நீலச் சாம்பல், வெளிர் பழுப்பு நிறங்களைத் தரும் மரபணு பல நாய்களில் உரோம உதிர்வையும் தோல் நோயையும் கூடவே கொண்டுவருகிறது. ‘வெள்ளை டாபர்மேன்’ எனப்படுவது ஒருவகை நிறமிக் குறைபாடு. அந்த நாய்களின் கண்கள் வெயிலில் கூசும்.

தேர்வு

கண்காட்சி வழி ஜெர்மன் ஷெப்பர்டில் கறுப்பும் செம்பழுப்பும் மிகுதி; பணி வழியில் ஓநாய்ச் சாம்பல் மிகுதி. இது வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்ததன் விளைவே. சாம்பல் நிறம் திறனைத் தருவதில்லை. காவலுக்குக் குட்டி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியவை பெற்றோரின் குணமும் குட்டியின் காதும் கண்ணுமே; நிறம் அதற்கு அடுத்தது.