மௌலானா என்றொரு சொல்



சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பு இடாப்பில் புதிய மாணவன் ஒருவனின் பெயரை வாசித்தேன். பெயரின் ஈற்றில் 'மௌலானா' என்றிருந்தது. "தம்பி, வாப்பா மார்க்க அறிஞரோ?" என்று கேட்டேன். "இல்லை சேர், வாப்பா கடை வைத்திருக்கிறார். நாங்கள் மௌலானாமார்" என்றான். தமிழ் படிப்பிக்கும் எனக்கு அச்சொல்லின் பொருள் அன்றுவரை தெரிந்திருக்கவில்லை.

இந்தியாவில் அபுல் கலாம் ஆசாத்தை மௌலானா என்றழைத்தது அவரது கல்வியை மதித்து. இலங்கை முஸ்லிம்களிடையே அதே சொல் நபிகள் நாயகத்தின் வழித்தோன்றல்களைக் குறிக்கின்றது. நபிகளின் மகள் பாத்திமாவுக்கும் அலிக்கும் பிறந்த ஹஸன், ஹுஸைன் ஆகிய இருவர் வழியே இப்பரம்பரை வருகின்றது.

அரபியில் இவர்களுக்குரிய பட்டங்கள் இரண்டு. 'ஸெய்யித்' என்றால் தலைவர். 'ஷரீப்' என்றால் மேன்மையுடையவர். 1916 இல் துருக்கிய ஆட்சியை எதிர்த்தெழுந்த மக்காவின் தலைவர், ஷரீப் ஹுஸைன் என்றே வரலாற்றில் நிலைத்துவிட்டார். மொரோக்கோ அரச குடும்பத்தினர் பலர் 'மௌலாய்' எனப்படுவர். அது 'என் தலைவர்' என்று பொருள்படும். மௌலானா என்பது 'எம் தலைவர்'. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை.

என்னைப் பெரிதும் கவர்ந்தது மலபார்க் கரையின் சொல். யெமனின் ஹளரமௌத்திலிருந்து வந்து குடியேறிய ஸெய்யித்மாரை அங்கே 'தங்ஙள்' என்பர். நாம் கடிதங்களில் மரியாதையாக எழுதும் 'தங்கள்' என்பதன் உடன்பிறப்பு அது. அரபுப் பட்டத்துக்கு ஈடாகத் தென்னாட்டு மொழியொன்று தன் மரியாதைப் பன்மையையே எடுத்துக் கொடுத்திருக்கின்றது!

பட்டம் இருக்குமிடத்தில் போலியும் வரும். துருக்கிய ஆட்சியில் இவர்களுக்கு வரிச் சலுகைகள் இருந்தன. ஆகவே பொய்யாக உரிமை கோரியோரும் இருந்தனர். வம்சாவளிப் பதிவேட்டைப் பேணி உண்மையை ஆராய 'நகீப்' என்னும் அதிகாரி இருந்தார். எகிப்திலோ, ஹிஜ்ரி 773 இல் சுல்தான் ஷஃபான், இவர்கள் தலைப்பாகையில் பச்சை அடையாளம் அணிய வேண்டுமென ஆணையிட்டார்.

ஆனால் மதிப்போடு ஒரு மறுப்பும் சேர்ந்தே வந்தது. ஏழைகளுக்குரிய ஸகாத் பணத்தை நபிகளின் குடும்பத்தார் பெறலாகாது என்பது மார்க்கச் சட்டம். அத்தோடு, இறையச்சம் மிக்கவரே மேன்மையானவர் என்று குர்ஆன் 49 ஆம் அத்தியாயம் சொல்கின்றது. குலமா, குணமா என்று நம் அறநூல்கள் நடத்திய வழக்கும் இதுதானே! பரம்பரையைப் போற்றிய சமூகம், அதனை அளக்கும் கோலையும் கைவிடவில்லை.

அந்த மாணவனிடம் பின்னொரு நாள், "இப்பெயர் உனக்குப் பெருமைதானே?" என்றேன். "பெருமைதான் சேர். ஆனால் நான் பிழை செய்தால் மற்றப் பிள்ளைகளைவிட எனக்குத்தான் ஏச்சு அதிகம்" என்றான்.

பட்டங்களின் வரலாற்றை எத்தனையோ நூல்களில் படிக்கலாம். அவற்றின் பாரத்தை அந்தப் பிள்ளைதான் எனக்குச் சொல்லித் தந்தான்.