கார்னெகியின் நூல்நிலையத் தருமமும் அதனால் நாம் அறியத்தக்கதும்

கல்விக்குப் பொருளுதவுதல் அறங்களுள் தலையாயது என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்த கொள்கையேயாம். ஆயினும் கொடுத்த பொருள் கொடுத்தவர் காலத்திற்குப் பின்னரும் பயன் தந்து நிற்றற்கு வழி யாது என்னும் வினா எளிதில் விடையிறுக்கத் தக்கதன்று. பெருந்தொழில் நடாத்திப் பெரும்பொருள் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னெகி என்பார் நூல்நிலையங்கட்குச் செய்த உதவியின் வரலாறு இவ்வினாவிற்குத் தக்க விடை தருமாதலின், அதனை நம் சங்கத்து அன்பர்கட்குச் சுருக்கி உரைக்கப் புகுந்தோம்.

கார்னெகி 1835ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேயத்து டன்பர்ம்லின் நகரில் ஒரு கைத்தறி நெசவாளர் குடியிற் பிறந்தார். நீராவித் தறிகள் பெருகவே தந்தையின் தொழில் நலிந்தது. 1848இல் குடும்பத்தார் கடல் கடந்து அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்தை அடைந்தனர். சிறுவர் பஞ்சாலையிற் கூலிவேலைக்கும், பின்னர்த் தந்தி நிலையத்தில் ஏவலுக்கும் சென்றார். அந்நாளில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்னும் பெரியார், தம்பாலிருந்த ஏறக்குறைய 400 நூல்களை, உழைத்துப் பிழைக்கும் சிறுவர்க்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்து வந்தார். அந்நன்றியை மறவாத கார்னெகி, எஃகுத் தொழிலிற் கோடீசுவரரான பின்னர், நூல்நிலையம் அமைத்தலையே தம் தருமமாகக் கொண்டார்.

முதல் நூல்நிலையம் 1883இல் அவர் பிறந்த ஊரிலேயே திறக்கப்பட்டது. அமெரிக்காவில் முதலாவது 1889இல் பிராடக் என்னும் ஆலையூரில் தோன்றியது. இங்ஙனம் உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட கட்டடங்கள் அவர் பொருளால் எழுந்தன. எனினும் அவர் வாளா அள்ளிக் கொடுத்தாரல்லர். நிலத்தை ஊரார் தரல் வேண்டும். கொடுத்த தொகையிற் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் ஊர் வரியினின்று பராமரிப்பிற்கு ஒதுக்க உறுதி கூறல் வேண்டும். 10,000 டாலர் பெறும் ஊர் ஆண்டுக்கு 1,000 டாலர் செலவிடக் கடமைப்பட்டது. தம் கைப்பொருளும் சேர்ந்தாலன்றி ஊரார் அதனைத் தமதென்று பேணார் என்பது அவர் கருத்து. இக்கருத்து மிகவும் நன்றே.

இஃது இவ்வாறிருக்க, இத்தருமத்தின் மறுபுறத்தையும் நோக்குதல் நடுநிலையாளர் கடன். ஹோம்ஸ்டெட் என்னுமிடத்திலிருந்த அவரது ஆலையில் 1892இல் கூலிக் குறைப்புப் பற்றிப் பெரும் பூசல் மூண்டது. கார்னெகி அப்போது ஸ்காத்லாந்திலிருந்தார். ஆலையை நடத்திய ஹென்றி கிளே பிரிக் என்பார் கூலிக்கு அமர்த்திய காவற்படையை வரவழைத்தார். சூலை 6ஆம் நாள் இரு திறத்தாரும் உயிரிழந்தனர். தொழிலாளர் சங்கம் முறிந்தது. ஆறாண்டுகள் கழித்து 1898இல் அவ்வூரிலும் அவர் பெயரால் நூல்நிலையம் எழுந்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் நின்று திரும்புபவன் எப்பொழுது நூலைக் கையிலெடுப்பான்? கூலியை நேர்மையாகக் கொடுத்தலும் வித்தியாதானத்தின் ஒரு பகுதியே என்பதை அவ்வூர் வரலாறு கற்பிக்கின்றது.

மற்றொன்றும் உண்டு. அட்லாண்டா நகரின் கார்னெகி நூல்நிலையம் 1902இல் திறக்கப்பட்டபோது, கறுப்பின மக்கட்கு அதனுள் இடமில்லை. அறிஞர் டுபாய்ஸ் முதலியோர் நிர்வாகிகளிடம் நேரிற் சென்று முறையிட்டனர். நகரசபைக்கு அம்மக்களும் வரி செலுத்தினர். அவ்வரியினின்றே நூல்நிலையம் நடந்தது. ஆயினும் அவர்க்கென ஒரு தனிக் கிளை திறக்கப்பட்டது 1921இலேதான். வரியிற் பங்குண்டு, வாயிலில் இடமில்லை என்னும் இக்கொடுமையின் இயல்பை நம் நாட்டார்க்கு விரித்துரைத்தல் வேண்டா.

கட்டடங்கள் எழுந்த ஊர்களிலேனும் கருதிய பயன் முற்றும் விளைந்ததா? இதனை ஆராயுமாறு கார்னெகியின் பெயரால் 1911இல் அமைந்த அறநிலையத்தார் ஆல்வின் ஜான்ஸன் என்னும் அறிஞரை ஏவினர். அவர் பல ஊர்கட்குச் சென்று கண்டு 1916இல் அறிக்கை அளித்தார். கட்டடமிருந்தும் பயிற்சி பெற்ற நூலகரும், போதிய நூல்களும் இன்மையால் பல ஊர்களிற் பயன் குன்றியமையை அவர் எடுத்துக்காட்டி, இனி நூலகர்களைப் பயிற்றுதலே வேண்டற்பாலது என்றார். 1917இல் புதிய கட்டடங்கட்குப் பொருள் வழங்கல் நின்றது. அதன் பின் அறநிலையத்தாரின் நோக்கம் நூலகர் பயிற்சியிற் சென்றது.

எண்பது ஆண்டுகள் சென்றன. 1997இல் மைக்ரோஸாப்ட் கம்பெனியைத் தோற்றுவித்தோருள் ஒருவரான பில் கேட்ஸும் அவர் மனைவியாரும், அமெரிக்கப் பொது நூல்நிலையங்கட்குக் கணிப்பொறிகளும் இணையத் தொடர்பும் அளிக்க 20 கோடி டாலர் தருவதாக அறிவித்தனர். அத்துணை மதிப்புள்ள மென்பொருளைக் கம்பெனியார் தர இசைந்தனர். நூலகர்க்குப் பயிற்சியும் உடனளித்தமை பழைய குறையை உணர்ந்த செயலாகும். ஆயினும் கற்கட்டடம் நூறாண்டு நிற்கும். கணிப்பொறியோ சில ஆண்டுகளிற் பழையதாய்விடும். மாற்றுப் பொறிக்கும் இணையக் கட்டணத்திற்கும் ஆண்டுதோறும் பொருள் தேடும் பொறுப்பு நூல்நிலையத்தார் மேலதாயிற்று. கேட்ஸ் அறநிலையத்தின் நூல்நிலையத் திட்டமும் 2018இல் முடிவெய்தியது. ஆகவே, கார்னெகி விதித்த பராமரிப்பு நிபந்தனை யந்திரங்கட்குப் பின்னும் மிகப் பொருந்துவதாம்.

நம்மவருள் தாம் பயின்ற பள்ளிக்குக் கணிப்பொறியோ புத்தக அலமாரியோ வழங்க விழைவோர் பலர். அவ்விழைவு வாழ்க. ஆனால் திறப்புவிழாவிற்கு நாள் குறிக்கு முன், பழுது பார்க்கும் செலவு எவருடையது, பிள்ளைகட்குக் கற்பிப்பவர் யார், எக்குலத்துப் பிள்ளைக்கும் அவ்வறை திறந்திருக்குமா என்பவற்றைப் பள்ளியாரோடு கலந்து முடிவு செய்து, எழுத்திலும் வைத்தல் வேண்டும். பெயர் பொறித்த கல்லுக்குச் செலவாகும் தொகையை ஓராண்டுப் பராமரிப்பிற்கு முற்பணமாக ஈதல் அதனினும் சிறந்த தருமமாகும் என்பது எமது துணிபு.