பதின்மர் சங்கமும் அங்கத்துவத் தெரிவும்

ஐக்கிய அமெரிக்காவிலே சர்வகலாசாலைகள் உதைபந்தாட்டத்துக்கெனச் சங்கம் அமைத்த வரலாறு, அவை தமக்கு ஒத்தாரை எவ்வளவுகோல் கொண்டு தெரிந்தன என்னும் வரலாறுமாகும். அங்கு உதைபந்தாட்டமென வழங்குவது பெரும்பாலும் பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம். நம் மைதானங்களிற் காண்பதன்று.

1895ஆம் ஆண்டு தை மாதத்தில், பேர்டியூ சர்வகலாசாலைத் தலைவர் யேம்ஸ் சிமாட்டின் அழைப்பையேற்று, சர்வகலாசாலைத் தலைவர் எழுவர் சிக்காக்கோவிற் கூடினர். கூலிக்கு ஆடுவோரை மாணவரெனக் காட்டும் வழக்கம் அக்காலத்து மலிந்திருந்தது. மெய்யான மாணவனே ஆடலாமென அவர்கள் விதித்தனர். அடுத்த ஆண்டிற் சங்கம் முறையாகத் தோன்றியபோது அதன் ஆட்சி பேராசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே அங்கத்துவமென்பது விதிக்கு அமைதலாயிற்று. விதிகளோடு பிணங்கிய மிச்சிக்கன், பல ஆண்டு விலகி நின்று 1917இல் மீண்டது. இந்தியானா, அயோவா, ஒகையோ என இடையே சேர்ந்தவையும் அயல் நாட்டினவே.

தாபக அங்கத்தவருள் ஒன்றாகிய சிக்காக்கோ செய்தது வியக்கத்தக்கது. தலைவர் றொபேட் ஹச்சின்ஸ் காலத்தில், 1939இல், அஃது உதைபந்தாட்டத்தையே கைவிட்டது. ஆளற்ற அம்மைதானப் படிக்கட்டுகளின் கீழேதான் 1942இல் முதலாவது அணுத் தொடர்வினை நிகழ்ந்தது! 1946இற் சிக்காக்கோ சங்கத்தை விட்டு நீங்க, 1949இல் மிச்சிக்கன் அரச கல்லூரி அவ்விடத்தைப் பெற்றது.

1984இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பொன்று தேசியச் சங்கத்தின் தொலைக்காட்சித் தனியுரிமையை அகற்றியது. அன்றுதொட்டு அளவுகோல் மெல்லப் பிறழ்ந்தது. 2010இல் அழைக்கப்பெற்ற நெப்ராஸ்கா, மறு ஆண்டிற் சேருமுன்னரே, ஆராய்ச்சிச் சர்வகலாசாலைகளின் கழகத்தினின்று வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது. பதின்மர் சங்கத்தார் அனைவரும் அக்கழகத்தினராயிருந்தும் அழைப்பு மீளப்பெறப்படவில்லை. 2014இல் மேரிலாந்தும் றட்கேசும் புகுந்தன. 1869இல் முதலாவது சர்வகலாசாலை ஆட்டத்தை ஆடிய பெருமை றட்கேசுக்கு உண்டு. எனினும் சங்கம் நாடியது அப்பழம்பெருமையையன்று. 2007 முதல் அதற்குச் சொந்தத் தொலைக்காட்சி நிலையம் இருந்தது. நியூயோர்க், வாசிங்டன் நகரங்களைச் சூழ்ந்த இல்லங்களின் கட்டணமே வேண்டப்பட்டது என்பது எம் துணிபு.

2024இற் பசிபிக் கரையினின்று நான்கு சர்வகலாசாலைகள் வந்து சேர, பதின்மர் சங்கத்தார் பதினெண்மராயினர். பெயர் மாத்திரம் மாறவில்லை. 1915இல் தோன்றிய பசிபிக் சங்கத்தின் வழிவந்த சங்கத்தில் அவ்வாண்டு எஞ்சியவை ஒறிகன் அரச சர்வகலாசாலை, வாசிங்டன் அரச சர்வகலாசாலை என்னும் இரண்டே. அவை எவ்விதியையும் மீறியதற்காக விடப்பட்டனவல்ல. அவை நிற்கும் ஊர்கள் சிறியன.